நூற்றைந்து தப்படி

பிச்சையாவுக்குக் கனவு காணத் தூக்கம் தேவையில்லை. விடிகிற நேரமாக இருக்க வேண்டும், கையில் ஒரு வாளி சுண்ணாம்புப் பொடி இருக்க வேண்டும், செருப்பைக் கழற்றிய காலுக்கு ஈரப்புல் கிடைக்க வேண்டும். கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டே எங்கேயாவது போய்விடுவார். வாய் மட்டும் நாற்பத்தொன்று, நாற்பத்திரண்டு என்று எண்ணிக்கொண்டிருக்கும்.

திருவனந்தபுரத்தில் ஒரு கல்லூரியில் இருபத்தாறு வருடமாக அவர் மார்க்கர். மார்க்கர் என்றால் உடற்கல்வித் துறையின் கடைசி ஆள். பந்துக்குக் காற்றடிப்பது, கிழிந்த வலையைத் தைப்பது, மைதானத்துக்குக் கோடு போடுவது, சாவிக்கொத்தை இடுப்பில் செருகிக்கொண்டு திரிவது எல்லாம் அவர் பாடு. வீடு வலியசாலையில், கோயிலுக்குப் பின்பக்கத்துச் சந்தில். அப்பா நாகர்கோவில் பக்கமிருந்து சாலைக் கடைவீதிக்குப் பலசரக்கு வேலைக்கு வந்தவர். மகனும் கடையில் நிற்பான் என்று நினைத்திருந்தார். மகனோ எடை போடும்போதும் பந்தையே நினைத்துக்கொண்டிருந்தான். அரைக் கிலோ கேட்டவருக்கு ஒரு கிலோ கட்டிக் கொடுக்கிறவனை எந்தக் கடையில் வைத்துக்கொள்வார்கள்?

கல்லூரிப் பையன்கள் அவரை 'மீட்டர் சேட்டன்' என்றுதான் கூப்பிடுவார்கள். அந்தப் பேர் வந்த கதையை அவர் கேட்காதவர்களுக்கும் சொல்லுவார். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், அப்போதிருந்த டைரக்டர் சார் அளவு நாடாவைத் தேடிக்கொண்டிருந்தாராம். இவர், "நாடா எதுக்கு சாரே" என்று சொல்லிவிட்டு மேற்கு மதிலிலிருந்து நடக்க ஆரம்பித்தாராம். நூற்றைந்து தப்படி வைத்து நின்றார். சார் பிறகு நாடாவைக் கண்டெடுத்து அளந்து பார்த்தால் நூற்றைந்து மீட்டர், ஒரு சாண் கூடக் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. சார் நாடாவைச் சுருட்டி அலமாரியில் போட்டு, "இனி இது வேண்டா" என்றார். அதோடு சரி. அந்த நாடாவை அப்புறம் யாரும் எடுக்கவில்லை. பக்கத்துக் கல்லூரிகளிலிருந்து கூட ஆள் அனுப்பி அவரை அழைத்துப் போனதுண்டு. மனுஷனுக்கு அதில் கர்வம் உண்டா என்றால், உண்டு. வேறு எதிலும் இல்லாததால் எல்லாக் கர்வமும் காலில் போய் இறங்கியிருந்தது.

ஒவ்வொரு வருடமும் ஜூன் மாதத்து எடவப்பாதி மழை தொடங்கினால் கோல் கம்பங்களைப் பிடுங்கி உள்ளே வைத்துவிடுவார்கள். மைதானத்தில் தண்ணீர் நிற்கும், இரும்புக் குழாய் துருவேறும். ஓணக் கொண்டாட்டமும் கயிறிழுப்பும் முடிந்த பிறகுதான் மறுபடி நடுவது. மேற்கே மதிலை ஒட்டி ஒரு கோல். அங்கிருந்து நூற்றைந்து தப்படி கிழக்கே போய் இன்னொரு கோல். குறுக்கே அறுபத்தெட்டு. பெனால்டிப் புள்ளி பதினொன்று. எல்லாம் கால்கணக்கு.

இந்த வருடம் நட்டதுதான் அவர் நடும் கடைசிக் கம்பம். மார்ச்சில் ஐம்பத்தாறு முடிகிறது, வீட்டுக்குப் போக வேண்டும். ஓய்வு பெறுவதில் அவருக்கு வருத்தமில்லை. ஒரே ஒரு ஆசைதான் தொண்டையில் முள்ளாக நின்றது. ஒன்பது வருடமாக அந்தக் கல்லூரி அணி யூனிவர்சிட்டி போட்டியில் முதல் ஆட்டத்தைத் தாண்டியதில்லை. போவதற்குள் ஒரு தடவையாவது தாண்டிப் பார்க்க வேண்டும்.

அந்த ஆசையில் மண்ணைப் போடுவது போல ஒரு செய்தியை விஷ்ணுப்ரியா டீச்சர் சொன்னாள்.

அவள் அந்த வருடம்தான் கோச்சாக வந்தவள். முப்பது வயது, ஸ்ரீவராகத்து அக்ரஹாரத்துப் பெண். பந்தை விட்டெறிந்தால் பாதி மைதானம் போகும். எதையும் எழுதி வைத்துப் பார்க்கிற புத்தி. கார்த்திகை மாதத்து ஒரு காலையில் துறை அறையில் மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு பிச்சையாவைக் கூப்பிட்டாள்.

"பிச்சையாண்ணா, இங்கே வந்து பாருங்கோ. ஒன்பது வருஷத்து ரெக்கார்ட். யூனிவர்சிட்டிக்கு ரெண்டு வாரம் முன்னாடி நம்ம கிரவுண்டில ஒரு வார்ம்-அப் மேட்ச் வெக்கறோம், இல்லையா? ஒன்பதில எட்டு ஜெயிச்சிருக்கா. நாலு கோல், அஞ்சு கோல். அங்கே போய் முதல் மேட்ச், ஒன்பதும் தோல்வி. இதுக்கு என்ன அர்த்தம்?"

"நேரம் சரியில்ல டீச்சரே."

"நேரமெல்லாம் இல்லே. அந்த மேட்ச்தான் குட்டிகளைக் கெடுக்கறது. இங்கே அஞ்சு கோல் அடிச்சுட்டு அங்கே தலைக்கனத்தோட போறா. இந்த வருஷம் வார்ம்-அப் வேண்டாம்னு வெச்சிருக்கேன்."

வருடத்தில் பிச்சையா போட்ட கோடு நாலு பேர் கண்ணில் படுவது அந்த ஒரு ஆட்டத்தில்தான். வெளியூர் கிளப் ஒன்று வரும், பெண்பிள்ளைகள் மாடியிலிருந்து கைதட்டுவார்கள், பிரின்சிபால் கூட ஒரு நாற்காலி போட்டு அரைமணி நேரம் உட்கார்வார். அவருக்கு அது கோயில் திருவிழா.

"அப்படிச் செய்யாதீங்க டீச்சரே. ஒரு ஆட்டங்கூட ஆடாம நேரே போய் நின்னா பிள்ளையளுக்குக் கால் விறைச்சுல்லா போவும். அதுகளுக்குத் தலைக்கனமெல்லாம் கிடையாது. நான் பாத்துக்கிட்டுத்தானே இருக்கேன்."

"அப்போ வேற காரணம் சொல்லுங்கோ."

வாசலில் நின்றிருந்த கேப்டன் ஸ்ரீஜித் மெல்ல வாயைத் திறந்தான். "மிஸ், அவிடத்தெ கிரவுண்டு வல்லாத்த வலுதாணு. ஓடியாலும் தீராது." அங்கே மைதானம் ரொம்பப் பெரிசு, ஓடினாலும் முடியாது என்கிறான். இதை ஒவ்வொரு கேப்டனும் ஒவ்வொரு வருடமும் சொல்லியிருக்கிறான். தோற்றவன் சொல்லும் சாக்கு என்று எல்லா கோச்சும் திட்டி அனுப்பியிருக்கிறார்கள். விஷ்ணுப்ரியாவும் முறைத்தாள். அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"ஒரு வாரம் பொறுங்க டீச்சரே. ஒரு வாரம்," என்றார் பிச்சையா. அவள் சரி என்றாள். காரணம் கிடைக்கும் என்று நம்பி அல்ல, அவர் முகத்தைப் பார்த்து.

அன்று மாலை கிழக்கேகோட்டையில் பஸ்ஸை விட்டு இறங்கியவரை ரதீஷ் தன் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டான். ரதீஷ் ஏழு வருடத்துக்கு முன் அதே அணியில் முன்வரிசையில் ஆடியவன். அந்த வருட வார்ம்-அப் ஆட்டத்தில் இரண்டு பெனால்டி அடித்து இரண்டும் கோல். யூனிவர்சிட்டி முதல் ஆட்டத்தில், கடைசி நிமிடத்தில் கிடைத்த பெனால்டியை கோல்கீப்பர் அசையாமல் நின்று கையில் பிடித்துக்கொண்டான். தலைக்கனம் பிடித்து மெதுவாக அடித்தான் என்று கோச் எல்லோர் முன்னிலும் சொன்னார். அதற்குப் பிறகு ரதீஷ் பூட்ஸ் போடவில்லை. ஆட்டோ ஸ்டாண்டில் இன்றைக்கும் அவன் பெயர் 'பெனால்டி'. கூப்பிட்டால் சிரித்துக்கொண்டே திரும்புவான். அந்தச் சிரிப்பைப் பார்த்தால் பிச்சையாவுக்குப் பிடிக்காது.

"அண்ணே, இந்தக் கொல்லம் எப்படி? குட்டிகள் கொள்ளாமா?" இந்த வருடம் எப்படி, பையன்கள் தேவலையா என்று கேட்கிறான்.

"கொள்ளாம்டே. நல்ல பிள்ளைய."

"பெனால்டி மாத்திரம் சூட்சிச்சு, கவனமா அடிக்கச் சொல்லுங்க," என்று சொல்லி ரதீஷ் ஆட்டோவைச் சந்தில் திருப்பினான்.

*

இனி அந்தக் கனவைச் சொல்ல வேண்டும். கொஞ்ச காலமாகவே பிச்சையா கோடு போட நடக்கும்போது, முன்னால் யாரோ நடந்து போவது போல ஒரு தோற்றம். பனிமூட்டம் இருக்கும் காலைகளில் நன்றாகத் தெரியும். மெலிந்த முதுகு, மடித்துக் கட்டிய வேட்டி, வேகமான நடை. பேய் பிசாசு என்று பயப்படுகிற மாதிரி இல்லை. அவன் பாட்டுக்குப் போவான், இவர் எண்ணிக்கொண்டே பின்னால் போவார். எவ்வளவு எட்டி வைத்தாலும் அவனைப் பிடிக்க முடியாது. இவர் நூற்றைந்தில் நிற்கும்போது அவன் இன்னும் அப்பால், கிழக்கே காற்றாடி என்று சொல்லும் சவுக்கு மரங்களுக்குப் பக்கத்தில் நின்று திரும்பிப் பார்ப்பான். முகம் தெரியாது. இவருக்கு அவனைப் பிடித்துப் போயிருந்தது. அவனைக் காணாத காலையில் ஒரு வெறுமை கூட இருக்கும். யாரிடமும் சொன்னதில்லை, மாடம்மாளிடம் கூட. சொன்னால் மந்திரிக்கக் கூட்டிக்கொண்டு போய்விடுவாள்.

மாடம்மாள் அவர் மனைவி. வெள்ளிக்கிழமை சாயங்காலம் இருவரும் கோயிலுக்குப் போவது வழக்கம். அந்த வெள்ளிக்கிழமையும் போனார்கள். டீச்சர் கொடுத்த ஒரு வாரத்தில் நாலு நாள் ஓடிப்போயிருந்தது. பிச்சையாவின் மண்டைக்குள் காரணம் ஒன்றும் உதிக்கவில்லை. தெருவில் விளக்கு ஏற்றுகிற நேரம், எதிர்வீட்டில் யாரோ மிளகாய் வறுத்து ஊரே தும்மிக்கொண்டிருந்தது.

"என்ன, ஒண்ணும் பேசாம வாறிய?" என்றாள் மாடம்மாள்.

"ஒண்ணுமில்லட்டி. டீச்சர் ஆட்டத்த நிப்பாட்டப் போறாவளாம்."

"நிப்பாட்டினா நிப்பாட்டட்டு. மார்ச்சுக்கு அப்புறம் உங்களுக்கென்ன?" சொல்லிவிட்டுச் சிறிது தூரம் நடந்தாள். பிறகு தானாகவே சிரித்தாள். "எனக்கு ஒரு சந்தோசம் உண்டும், கேட்டியளா? சொன்னா கோவப்படக் கூடாது."

"சொல்லு."

"கல்யாணம் ஆன நாள்ல இருந்து உங்க முதுகப் பாத்துக்கிட்டுத்தான் நான் கோயிலுக்குப் போயிட்டிருந்தேன். நீங்க விறுவிறுன்னு முன்னால போயிருவிய, நான் பின்னால ஓடி ஓடி வருவேன். இப்பம் கொஞ்ச வருசமாத்தான் கூடச் சேந்து நடக்கிய. அந்தப் படிக்கட்டுல விழுந்து முட்டு போச்சுல்லா, அதுக்குப் பொறவு. முட்டு வலிக்கது பாவந்தான். ஆனாலும் எனக்கு இது நல்லாருக்கு."

பிச்சையா தெருவின் நடுவில் நின்றுவிட்டார்.

பின்னால் வந்த ஸ்கூட்டர்க்காரன் ஹாரன் அடித்தான். மாடம்மாள் அவர் கையைப் பிடித்து ஓரத்துக்கு இழுத்தாள். கோபித்துக்கொண்டாரோ என்று அவள் பயந்துபோனாள். அவர் கோபிக்கவில்லை. பனிமூட்டத்தில் முன்னால் போகிறவனின் முதுகு அவருக்கு அந்த நிமிடத்தில் அடையாளம் தெரிந்துவிட்டது. அந்த முதுகை மாடம்மாள் இருபது வருடம் பார்த்திருக்கிறாள். அவர்தான் பார்த்ததில்லை, பார்க்கவும் வழியில்லை.

கல்லூரி நூலகத்தின் மழையில் நனைந்த படியில் கோல் கம்பத்தோடு வழுக்கி விழுந்து இடது முட்டு பிசகியது பத்து வருடத்துக்கு முன்னால். அந்த வெள்ளிக்கிழமை சாமிக்கு முன்னால் நின்றபோது அவர் வாய் மந்திரம் சொல்லவில்லை. எண்ணிக்கொண்டிருந்தது.

*

மறுநாள் விடியுமுன்பே கல்லூரிக்குப் போய்விட்டார். அலமாரியின் அடியில், பழைய வலைகளுக்கும் கிழிந்த ஜெர்சிகளுக்கும் கீழே நாடா இருந்தது. முப்பது மீட்டர் நாடா, தோல் உறை பூஞ்சை பிடித்திருந்தது.

மைதானத்தில் இறங்கியதும் முதலில் கண்ணில் பட்டது பைக்குகள் நிறுத்தும் இடம். கிழக்கு கோலுக்குப் பின்னால், காற்றாடி மரங்களுக்கு முன்னால். அவர் வேலைக்கு வந்த புதிதில் அங்கே ஒரு வரிசை பைக்தான் நிற்கும். பிறகு இரண்டாயிற்று, மூன்றாயிற்று, இப்போது நாலு வரிசை தாராளமாக நிற்கிறது. காலம் மாறுகிறது, பையன்களிடம் வண்டி பெருகிவிட்டது என்றுதான் அவர் நினைத்திருந்தார். எல்லோரும் அப்படித்தான் நினைத்திருந்தார்கள். வண்டி பெருகியது உண்மைதான். அதற்கு இடம் எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்கவில்லை.

நாடாவின் நுனியை ஆணியால் மண்ணில் குத்தி நிறுத்தி மேற்கிலிருந்து அளந்தார். ஒரு முப்பது. இரண்டாவது முப்பது. மூன்றாவது முப்பது. அதற்கு மேல் ஐந்து மீட்டரும் ஒரு சாணும் போனதும் கிழக்கு கோல் வந்து முட்டியது.

தொண்ணூற்றைந்து.

தப்பாக அளந்திருப்போம் என்று மறுபடி அளந்தார். நாடா சுருங்கியிருக்குமோ என்று கூட ஒரு பைத்தியக்கார யோசனை வந்தது. பெனால்டிப் புள்ளியை அளந்தார். பதினொன்று இருக்க வேண்டிய இடத்தில் பத்து. குறுக்கே அளக்கவே இல்லை, அளக்கத் தெம்பில்லை. நீளம், அகலம், பெட்டி, புள்ளி எல்லாம் முட்டு பிசகித் தப்படி குறுகிப்போன ஒரே காலால் குறைந்ததால் பார்வைக்கு ஒன்றும் வித்தியாசமில்லை. நல்ல அழகான, நேரான, பத்து மீட்டர் குறைந்த மைதானம்.

அவர் ஒரு பைக்கின்மேல் சாய்ந்து உட்கார்ந்தார். வெட்கமாக இருந்தது. ஒன்பது வருடத்துப் பிள்ளைகள் இந்தச் சின்ன மைதானத்தில் பழகி, இங்கே ஐந்து கோல் அடித்து, அங்கே போய் நின்றால் பந்து போய்ச் சேராது. கால் அதே வேகத்தில் உதைக்கும், பந்து பத்தடி முன்னாலேயே செத்து விழும். அறுபதாவது நிமிடத்தில் மூச்சு வாங்கும். அதற்குத் தலைக்கனம் என்று பெயர். பெனால்டி என்று பெயர். பிச்சையா முகத்தைத் துடைத்துக்கொண்டார், கண்ணில் சுண்ணாம்பு பட்டு எரிந்தது.

சும்மா இருந்துவிடலாமா என்றும் தோன்றியது. அதை மறைப்பானேன், தோன்றியது. யாருக்கும் தெரியாமல் கம்பங்களைப் பிடுங்கி பத்து மீட்டர் தள்ளி நட்டுவிடலாம். மார்ச் வரைக்கும் மீட்டர் சேட்டனாகவே இருந்துவிட்டு மாலையை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். ஆனால் டீச்சரின் மடிக்கணினியில் இருக்கும் ஒன்பது தோல்வியும் அப்படியே இருக்கும். ஆட்டத்தின் மேல் பழி, பிள்ளைகள் மேல் பழி. இனி வரும் வருடங்களிலும் அந்த ஆட்டம் கிடையாது. அவர் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். வெயில் ஏறி பனி விலகியது. காற்றாடி மரத்தடியில் யாரும் நிற்கவில்லை.

விஷ்ணுப்ரியா எட்டரைக்கு வந்தாள். துறை அறை வாசலில் நாடாவோடு நின்றிருந்தவரைப் பார்த்து, "என்னண்ணா, காரணம் கிடைச்சுதா?" என்றாள் விளையாட்டாக.

"கிடைச்சு டீச்சரே. காரணம் நாந்தான்."

நின்றபடியே எல்லாம் சொன்னார். முட்டு பிசகியதைப் பற்றி, பைக் வரிசையைப் பற்றி, தொண்ணூற்றைந்தைப் பற்றி. மாடம்மாள் சொன்னதை மட்டும் விட்டுவிட்டார், அது வீட்டுப் பேச்சு. திட்டுவாள் என்று அவர் காத்திருந்தார், திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் கைப்பையை மேசைமேல் வைத்தாள். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகினாள்.

"நாடாவோட அந்த நுனியைத் தாங்கோ," என்றாள்.

பைக்குகளை நகர்த்தச் சொல்லி ஸ்ரீஜித் ஓடினான். பத்து மீட்டர் தள்ளிக் கோடு போட்டபோது அது காற்றாடி மரத்தடியில் போய் விழுந்தது, சரியாக அவன் நின்று திரும்பிப் பார்க்கும் இடத்தில். பிச்சையா அங்கே ஒரு பிடி சுண்ணாம்பைக் கூடுதலாகவே தூவினார். விஷ்ணுப்ரியா நாடாவைச் சுருட்டினாள்.

"கணக்கு எனக்கும் தப்பலே," என்றாள். "அர்த்தந்தான் தப்பிப்போச்சு. குட்டிகள் வருஷா வருஷம் சொல்லிண்டே இருந்திருக்கா, ஒருத்தரும் காதில வாங்கலே. நானும்தான்."

"அப்பம் ஆட்டம்?"

"ஆட்டம் வேணும். நிச்சயமா வேணும்."

*

அந்த வார்ம்-அப் ஆட்டத்தில் கல்லூரி அணி மூன்றுக்கு ஒன்று என்று தோற்றது.

முதல் பாதியில் பார்க்கச் சகிக்கவில்லை. ஸ்ரீஜித் கொடுத்த பந்தெல்லாம் பாதி வழியில் எதிராளியின் காலில் போய் விழுந்தது. பின்வரிசைப் பையன்கள் எங்கே நிற்பதென்று தெரியாமல் வீடு மாறிக் குடிவந்தவர்கள் போலத் தடுமாறினார்கள். மாடியிலிருந்த பெண்பிள்ளைகள் கைதட்டுவதை நிறுத்திவிட்டு வேறு பேச்சுப் பேச ஆரம்பித்தார்கள். பிரின்சிபால் கால்மணி நேரத்தில் எழுந்து போய்விட்டார். கோட்டோரத்தில் ஒரே ஒரு மனிதர் மட்டும் ஒவ்வொரு பந்து குறைந்து விழும்போதும் தலையை ஆட்டிக்கொண்டு, கிட்டத்தட்டச் சந்தோஷமாக இருந்தார். இங்கே விழட்டும், எல்லாம் இங்கேயே விழட்டும் என்று முணுமுணுத்தார். இரண்டாம் பாதியில் பந்து கொஞ்சம் கொஞ்சமாக நீள ஆரம்பித்தது. அந்த ஒரு கோல் கடைசிப் பத்து நிமிடத்தில் வந்தது.

பையன்கள் தொங்கிய முகத்தோடு உட்கார்ந்திருந்தார்கள். விஷ்ணுப்ரியா அவர்கள் முன்னால் பிச்சையாவைக் கூப்பிட்டு நிறுத்தினாள். சொல்வதா வேண்டாமா என்பதை அவரிடமே விட்டாள். அவர் சொன்னார். மலையாளத்தில் பாதி, தமிழில் பாதி. யாரும் சிரிக்கவில்லை. ஒருவன் மட்டும், "அப்போள் நம்மள் மோசமல்லா, அல்லே?" என்று கேட்டான். அப்படியென்றால் நாங்கள் மோசமில்லை, அப்படித்தானே என்று. "நீங்க ஒண்ணும் மோசமில்ல மக்கா," என்றார் பிச்சையா.

பிறகு இரண்டு வாரம் காலையும் மாலையும் அந்த மைதானத்தில் ஓடினார்கள்.

யூனிவர்சிட்டி முதல் ஆட்டத்துக்கு அணி போன பஸ்ஸில் விஷ்ணுப்ரியா அவரையும் ஏற்றிக்கொண்டாள். மார்க்கரை யாரும் வெளியாட்டத்துக்குக் கூட்டிப் போவதில்லை. ஆட்டம் ஒன்றுக்குப் பூஜ்யம். ஸ்ரீஜித் பின்னாலிருந்து தூக்கிக் கொடுத்த ஒரு பந்து காற்றில் வெகுநேரம் மிதந்தது. பிச்சையா மூச்சைப் பிடித்துக்கொண்டார். விழும், குறைந்து விழும் என்று ஒன்பது வருடத்துப் பயம் சொன்னது. அது போய்ச் சேர்ந்தது. ஓடிக்கொண்டிருந்தவனின் நெஞ்சில் பட்டு, காலில் விழுந்து, வலைக்குள் போயிற்று. அவர் கத்தவில்லை. பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாத ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

*

ஊர் திரும்பி, கிழக்கேகோட்டையில் இறங்கும்போது நாலரை மணி. ரதீஷின் ஆட்டோ நின்றிருந்தது. சேதி அதற்குள் அவனுக்கு வந்துவிட்டது.

"அண்ணே, ஜெயிச்சல்லோ! கேறு, கேறு. இன்னைக்குச் சவாரி ஃப்ரீ."

பிச்சையா ஏறவில்லை. ஆட்டோவின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். இரண்டு வாரமாக இதைச் சொல்லத்தான் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார். டீச்சரிடம் சொன்னது சுலபம், பையன்களிடம் சொன்னதும் சுலபம் என்று இப்போது தெரிந்தது.

"ரதீசே. நீ இங்க பெனால்டி அடிச்சுப் பழகின இடம் பதினொரு மீட்டர் இல்லடே. பத்துதான். என் கால் குறைஞ்சுபோச்சு, எனக்குத் தெரியல. நீ அடிச்ச அடிக்கு அங்க ஒரு மீட்டர் கூடிப்போச்சு. உன் தப்பில்ல. தலைக்கனமும் இல்ல. என் தப்பு."

ரதீஷ் கண்ணாடியில் அவரைப் பார்த்துக்கொண்டே இருந்தான். அந்தச் சிரிப்பு முகத்தில் வந்து, நிற்க இடமில்லாமல் போய்விட்டது. பின்னாலிருந்த பஸ் ஹாரன் அடித்தது.

"ஏழு கொல்லம், அண்ணே," என்றான்.

"ஆமாடே."

"கேறு."

ஆட்டோ வலியசாலைப் பக்கம் திரும்பவில்லை. கல்லூரிக்குப் போயிற்று. பிச்சையாவும் எங்கே என்று கேட்கவில்லை. இடுப்பில் சாவிக்கொத்து இருந்தது. துறை அறையைத் திறந்து ஒரு பந்தை எடுத்துக் கொடுத்தார். சாயங்கால வெயில் மைதானம் முழுக்க மஞ்சளாகக் கிடந்தது. ரதீஷ் காக்கிச் சட்டையோடு, செருப்பைக் கழற்றிவிட்டு மேற்கு கோலின் புதுப் புள்ளியில் பந்தை வைத்தான்.

"பழைய இடம் எவிடே?"

பிச்சையா கோலுக்குப் பக்கமாக வந்து, புல்லில் மங்கிப்போன ஒரு வெள்ளையைக் காட்டினார். ரதீஷ் இரண்டுக்கும் நடுவில் கிடந்த அந்த ஒரு மீட்டரை வெகுநேரம் பார்த்தான். குனிந்து கையால் தொட்டும் பார்த்தான். பிறகு பின்னால் போய், ஓடிவந்து அடித்தான்.

பந்து கம்பத்துக்கு மேலே போய், மதிலைத் தாண்டி எங்கேயோ விழுந்தது.

ரதீஷ் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றான். பிறகு சிரித்தான். அது ஆட்டோ ஸ்டாண்டில் சிரிக்கிற சிரிப்பு இல்லை. கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்குச் சிரித்து, சட்டைக் கையால் முகத்தைத் துடைத்தான்.

"இனி ஒண்ணு, அண்ணே. இனி ஒரே ஒண்ணு."

பிச்சையா பந்தை எடுக்க மதில் வாசல் பக்கம் நடந்தார். இடது முட்டு வலித்தது, மெதுவாகத்தான் போக முடிந்தது. எத்தனை தப்படி என்று அவர் எண்ணவில்லை.